சிறுவர்களுக்கு அரபுக் கதைகள்: திருவனந்தபுரம் காட்டும் வழி

திருவனந்தபுரம் மாவட்டப் பள்ளிகளில் அரபு மொழி வேரூன்றியதில் வக்கம் அப்துல் காதர் மௌலவிக்குப் (1873–1932) பெரும் பங்கு உண்டு. அவருடைய முயற்சியால் திருவிதாங்கூர் அரசு, முஸ்லிம் மாணவர்கள் பயின்ற அரசுப் பள்ளிகளில் அரபு கற்பிக்க ஏற்பாடு செய்தது. சிறுவர்களுக்கான அரபுப் பாடநூல்களையும் அவர் எழுதினார். இன்று கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் அரபு இலக்கிய விழா ஒரு தனிப் பிரிவு. அரபுக் கதாபிரசங்கமும் அதில் போட்டியாக நடக்கிறது. 2025 ஜனவரியில் அந்த விழா திருவனந்தபுரத்திலேயே நடைபெற்றது.

இங்குள்ள குழந்தைகளுக்கு அரபுக் கதைகள் அந்நியமானவை அல்ல. நம் பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பஹ்லவி மொழிக்குப் போனது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபஃ அதை அரபுக்குக் கொண்டுவந்தார். கரடகன், தமனகன் என்ற நரிகள் அங்கே கலீலா, திம்னா ஆயின. சூழ்ச்சிக்கார திம்னா தண்டனை பெறும் விசாரணைப் பகுதி அவரே சேர்த்தது என்பது அறிஞர்கள் கருத்து. கடலோடி சிந்துபாத்தின் ஐந்தாம் பயணத்தில், கல்லெறிபவர்கள்மீது குரங்குகள் தேங்காய்களைப் பறித்து எறிகின்றன; அவற்றைப் பொறுக்கிய சிந்துபாத், தேங்காய் கொடுத்து மிளகு வாங்குகிறான். கேரளக் குழந்தைக்கு இரண்டுமே வீட்டுப் பொருள்கள்.

ஒவ்வொரு தலைமுறையும் இக்கதைகளைத் தனக்கேற்பச் சொல்லியிருக்கிறது. அலாவுதீன் கதையை 1709இல் பாரிஸில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் அந்துவான் கலானுக்குச் சொன்னவர் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப். அதற்கு முந்தைய அரபுச் சுவடி எதிலும் அது இல்லை. அரபுச் சிறுவர் இலக்கியத்தின் முன்னோடியான எகிப்தியர் காமில் கீலானி, 1927இல் சிந்துபாத் கதையைக் குழந்தைகளுக்காக எழுதி வெளியிட்டார்.

சிந்துபாத்தும் அலாவுதீனும் இடம்பெறும் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ பெரியவர்களுக்காகப் பிறந்த தொகுப்பு. சிறுவர் பதிப்பில் படுக்கையறைக் காட்சிகளும் கொடூர வருணனைகளும் வேண்டாம். அடிமைகளையும் கறுப்பின மக்களையும் இழிவாகக் காட்டும் பகுதிகளுக்கும் அதில் இடமில்லை. அக்கதைகளைச் சொல்லும் ஷஹ்ரசாதின் துணிவு மட்டும் குறையக் கூடாது; உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே அவள் கதை சொல்லத் தொடங்குகிறாள் என்பதை மறைத்தால் கதை உயிரிழந்துவிடும். கதைக்குள் கதையாக விரியும் பின்னலை ஓரிரு அடுக்கோடு நிறுத்தினால் இளம் வாசகர் வழி தவறமாட்டார். பாக்தாதும் பஸ்ராவும் அந்தப் பெயர்களிலேயே இருக்கட்டும். முடிவில் நீதியைத் தனியே ஒட்டவைக்கத் தேவையில்லை. திம்னாவின் வீழ்ச்சியே அதைச் சொல்லிவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் 1981 முதல் கேரள மாநிலப் பால இலக்கிய நிறுவனம் இயங்கிவருகிறது. ‘தளிரு’ என்ற சிறுவர் இதழையும் நடத்துகிறது. அரபு கற்றுத் தேர்ந்த ஆசிரியர்களும் சிறுவர் எழுத்தாளர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து உழைத்தால், ஆங்கிலச் சுருக்கங்களை நம்பாமல் அரபு மூலத்திலிருந்தே நல்ல பதிப்புகள் வரும். தமிழ்ப் பதிப்பாளர்களும் அந்த வழியைப் பின்பற்ற வேண்டும். கதை எங்கிருந்து வந்தது, யார் சொன்னது என்பதை ஒவ்வொரு நூலிலும் அச்சிட வேண்டும்.