ஆன்லைன் ரம்மி, போக்கர்: ஜெயித்தவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

"செல்போனில் சீட்டு விளையாடி ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அரசாங்கமே வரி வாங்கிய பணம் எப்படித் தப்பான பணமாகும்?" நம் பிள்ளைகள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்து வரும் இளைஞரிடமும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கும் சகோதரரிடமும் இதே வாதத்தைக் கேட்க முடிகிறது. இந்தக் கேள்விக்கு "ஹராம்" என்ற ஒரே சொல்லில் பதில் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் வரி, போனஸ், விதிமுறை என்று அவர்கள் எதைக் காட்டிப் பேசுகிறார்களோ, அதையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெற்றோருக்கும் மனைவிமாருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. அதன் பிறகு செங்கோட்டை வழியாக வரும் கேரளச் சீட்டும், மூன்று நம்பர் லாட்டரியும் கள்ளத்தனமாக ஓடின. செல்போன் வந்ததும் சூதாட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக அரசு 2022ல் கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்பதால் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதனால் 2025 பிப்ரவரியில் கட்டுப்பாடுகள் மட்டும் வந்தன. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பணம் வைத்து விளையாடக்கூடாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை விளையாட்டே கூடாது. இந்த விதிகளை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3ஆம் தேதி உறுதி செய்தது.

அடுத்த சில வாரங்களில் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போனது. 2025 ஆகஸ்டில் நிறைவேறி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். விளையாடியவரைத் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. பெரிய நிறுவனங்கள் அப்போதே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன.

"அதுதான் நின்றுவிட்டதே, இனி ஏன் இந்தப் பேச்சு?" என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. பழைய ஆண்டுகளின் வரிக் கணக்கு இன்னும் முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து இயங்கும் கள்ள ஆப்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக இன்றும் வலை வீசுகின்றன.

பணம் கட்டும்போதே ஒரு வெட்டு

2023 அக்டோபர் 1 முதல், ஆட்டத்துக்காகக் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 1,000 ரூபாய் கட்டினால் அதில் சுமார் 219 ரூபாய் வரியாகப் போய்விடும். ஆட்டத்துக்கு மிஞ்சுவது 781 ரூபாய்தான். ஆனால் பல ஆப்களில் திரையில் 1,000 என்றே காட்டியது. காரணம், வரியாகப் போன தொகையை நிறுவனம் "போனஸ்" என்று சேர்த்துக் காட்டியது. வரி போனது ஆடுபவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. சூதாட்டம், காசினோ ஆகியவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரி 40 சதவீதம்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் இன்னொரு வெட்டு

இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். மேசையில் 200 ரூபாய். நிறுவனம் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்குக் கிடைப்பது 180. அதாவது ஜெயித்தால் லாபம் 80, தோற்றால் நட்டம் 100. இருவரும் சம திறமைசாலிகள் என்றால் பத்து ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து ஜெயிப்பார்கள். லாபம் 400, நட்டம் 500. சமமாக ஆடியும் இருவருக்கும் ஆளுக்கு 100 ரூபாய் நட்டம். அந்த 200 ரூபாயும் நிறுவனத்தின் பைக்குள் இருக்கிறது. யார் ஜெயித்தாலும் நிறுவனத்துக்குக் கவலையில்லை. ஆட்டம் நிற்காமல் ஓடினால் போதும்.

போனஸ், பாயிண்ட், விஐபி

ஆட்டத்தை நிற்காமல் ஓட வைப்பதற்குத்தான் பரிசுத் திட்டங்கள். முதல் முறை பணம் கட்டினால் போனஸ், நண்பரைச் சேர்த்துவிட்டால் போனஸ், பிறகு வெள்ளி, தங்கம், விஐபி என்று படிகள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாயிண்ட் கிடைப்பது ஜெயித்த தொகைக்கு அல்ல, வைத்த தொகைக்கு. போனஸும் உடனே கைக்கு வராது. இவ்வளவு தொகைக்கு ஆடினால்தான் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பார்கள். தங்கப் படியில் இருப்பவர் அங்கேயே நீடிக்க மாதாமாதம் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நம்மிடம் எடுத்ததில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பரிசு என்று பெயர் வைக்கிறார்கள்.

அமெரிக்கக் காசினோக்களிலும் இதே கதைதான். அங்கே வீடியோ போக்கர் என்ற இயந்திர ஆட்டம் உண்டு. அதில் ஆடுபவருக்குச் சாதகமானதாகப் பேசப்படும் ஒரு வகை, ஒரு தவறும் செய்யாமல் ஆடினால், வைத்த பணத்தில் சராசரியாக 99.54 சதவீதத்தைத் திருப்பித் தரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கைக்கு 1.25 டாலர் வைத்து, மணிக்கு 600 கை ஆடுபவர் ஒரு மணி நேரத்தில் 750 டாலரைப் புரட்டுகிறார். பிழையே இல்லாமல் ஆடினாலும் மணிக்குச் சுமார் மூன்றரை டாலர் போகும். மனிதன் பிழை செய்யாமல் இருப்பானா? அங்கும் உறுப்பினர் அட்டை, இலவச அறை, இலவச உணவு எல்லாம் உண்டு. ஆனால் திருப்பித் தரும் விகிதம் அதிகமுள்ள இயந்திரத்துக்குப் பல காசினோக்கள் குறைவான பாயிண்ட்தான் தருகின்றன. கணக்குத் தெரிந்தவர்கள் மேசையின் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

ஜெயித்த பிறகு வருமான வரி

ஆன்லைன் ஆட்ட வெற்றிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தனிப் பிரிவு, 115பிபிஜே. வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், மொத்தம் 31.2. இதில் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை:

1. 12 லட்சம் வரை வரி இல்லை என்ற சலுகை இந்தப் பணத்துக்குக் கிடையாது. வேறு வருமானமே இல்லாதவருக்கும் இதே 30 சதவீதம்தான்.

2. ஓர் ஆண்டின் நட்டத்தை அடுத்த ஆண்டு லாபத்தில் கழிக்க முடியாது. ஒருவர் முதல் ஆண்டு 60,000 இழந்து, அடுத்த ஆண்டு 40,000 ஜெயித்தால், உண்மையில் அவருக்கு 20,000 நட்டம். ஆனாலும் அந்த 40,000க்கு 12,480 ரூபாய் வரி கட்ட வேண்டும். கடை வியாபாரத்தில் வரும் நட்டத்தைப் பின்வரும் ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல சட்டம் இடம் தருகிறது. சூதுக்கு அந்த இடம் இல்லை.

3. பணத்தை எடுக்காமல் ஆப்பிலேயே விட்டிருந்தாலும், மார்ச் 31ஆம் தேதி கணக்குப் பார்த்து வரி பிடித்துவிடுவார்கள்.

4. பிடித்த வரி, ஆடியவரின் பான் எண்ணில் 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகும். மகன் அம்மாவின் பான், ஆதாரை வைத்துக் கணக்குத் தொடங்கியிருந்தால் நோட்டீஸ் அம்மா பெயருக்கு வரும்.

5. இந்த வருமானம் உள்ளவர் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்களில் கணக்குக் காட்ட முடியாது. விடுபட்ட பழைய ஆண்டுகளுக்கு, கூடுதல் வரியுடன் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு. நோட்டீஸ் வரட்டும் என்று காத்திராமல் ஆடிட்டரிடம் போவது நல்லது.

நடத்தும் நாடுகளே போடும் வேலி

நம்மவர்கள் பலர் பிழைக்கப் போயிருக்கும் சிங்கப்பூரில் காசினோ சட்டப்படி நடக்கிறது. ஆனால் அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் அங்கே வழி இருக்கிறது. மலேசியாவின் கெந்திங் மலைக் காசினோவில் முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. கோவாவில் 2020 பிப்ரவரி முதல் உள்ளூர்வாசிகள் காசினோவில் ஆட முடியாது. வருமானத்துக்காக இதை நடத்தும் அரசுகளே தம் மக்களை இதிலிருந்து விலக்கி வைக்கின்றன என்றால், இது எப்படிப்பட்ட தொழில் என்பது விளங்கும்.

வரி கட்டினால் ஹலாலா?

வருமான வரித்துறை கேட்பது "எவ்வளவு வந்தது" என்று மட்டும்தான். அது ஆகுமானதா என்று அத்துறை பார்ப்பதில்லை. நீதிமன்றம் சொல்லும் "திறமை விளையாட்டு" என்பதும் வேறு கேள்வி. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லியிருக்கிறது. மார்க்கத்தில் பார்ப்பது, இரு தரப்பும் பணம் வைத்து, ஒருவர் இழப்பதே மற்றவருக்கு வரவாகிறதா என்பதை. அப்படியானால் அது சூது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் சூதை மதுவோடு சேர்த்துத் தடுக்கின்றன. அது மனிதர்களிடையே பகையை உண்டாக்கும், இறைநினைவையும் தொழுகையையும் மறக்கச் செய்யும் என்று காரணத்தையும் சொல்கின்றன. அத்தகைய பணத்துக்கு ஜகாத் கொடுத்தால் அது தூய்மையாகிவிடாது. தவ்பா செய்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கைகழுவ வேண்டும் என்றே ஆலிம்கள் சொல்கிறார்கள்.

வீட்டில் ஒருவர் சிக்கிக்கொண்டால்

முதலில் திட்டி ஒதுக்காதீர்கள். கடனை மறைக்க வைப்பது பயம்தான். உட்கார்ந்து மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள். "இழந்ததை ஒரே ஆட்டத்தில் எடுத்துவிடுகிறேன்" என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கடன் ஆப்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டினால் போலீசில் புகார் கொடுங்கள். கள்ள ஆப்பில் ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். கமிஷன் தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டால் ஒருபோதும் கொடுக்காதீர்கள். பணம் யாருடையதோ, வழக்கு உங்கள் பிள்ளை மீது வரும்.

சட்ட உதவிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே. வருமான வரம்பு எதுவும் இல்லாமல் பெண்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. மனம் உடைந்து தவறான எண்ணம் வருகிறதென்றால் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடனில் தவிக்கும் இளைஞர் துணிந்து வந்து பேசும்படி பள்ளிவாசலின் வாசல் இருக்கட்டும். அவர் பெயர் வெளியே போகாது என்ற உறுதியைக் கொடுங்கள். பாதி சிகிச்சை அதிலேயே முடிந்துவிடும்.

அல்லாஹ் நம் வீடுகளை ஹராமான வருவாயிலிருந்தும் கடனின் நெருக்கடியிலிருந்தும் காப்பானாக.