வீட்டுக் காப்பீடு: ரத்து செய்யும் உரிமை வங்கிக்கு அல்ல, வீட்டுக்காரருக்கே

புதுதில்லி: வீட்டுக் கடன் கோருவோரிடம் வங்கிகள் கையெழுத்து வாங்கும் படிவங்களில் காப்பீட்டு விண்ணப்பமும் இடம்பெறுவது வழக்கம். பல ஆண்டுகளுக்கான பிரீமியத்தைக் கடனுடன் சேர்த்துவிட்டால், அதற்கும் வட்டி கட்ட நேரிடுகிறது. குறைந்த வட்டிக்காகக் கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போதுதான், பழைய பாலிசி என்னவாகும் என்ற கேள்வி எழுகிறது.

அடமானச் சொத்துக்குக் காப்பீடு கோரும் வங்கி, குறிப்பிட்ட நிறுவனத்திடம்தான் பாலிசி எடுக்க வேண்டும் என நிர்ப்பந்திக்கக் கூடாது என்று 2015-லேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. ஆயினும், முறையற்ற காப்பீட்டு விற்பனை கடன் வாங்குவோரின் செலவை மறைமுகமாக உயர்த்துகிறது என 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று.

பாலிசிதாரர் காரணம் கூறாமலேயே எப்போது வேண்டுமானாலும் பாலிசியை ரத்து செய்யலாம் என்கிறது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை. ஓராண்டு வரையிலான பாலிசியில் இழப்பீடு கோரப்படாதிருந்தால், எஞ்சிய காலத்துக்குரிய பிரீமியத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும். பல்லாண்டு பாலிசிகளில், இன்னும் தொடங்காத ஆண்டுகளுக்கான தொகையைத் தர வேண்டும். நிறுவனமோ, மோசடி நிரூபணமானால் மட்டுமே ரத்து செய்ய இயலும். அதற்கும் 7 நாள் முன்னறிவிப்பு தேவை.

எனினும், அவசரம் கூடாது. காப்பீட்டுச் சட்டத்தின்படி, பிரீமியம் செலுத்தப்படும் முன் புதிய பாதுகாப்பு தொடங்காது. 2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு ஆகியவற்றால் நேரும் சேதத்தை ஈடுசெய்கிறது. இடையில் ஒரு நாள் விடுபட்டாலும், அன்று நேரும் இழப்பு முழுவதும் வீட்டுக்காரரையே சேரும். எனவே புதிய பாலிசி கைக்கு வந்த பிறகே பழையதை எழுத்துமூலம் ரத்து செய்வது நலம். பழைய பாலிசி போதுமானது எனில், அதில் வங்கியின் பெயரை மட்டும் மாற்றித் தரக் கோரலாம்.

நிறுவனம் கோரிக்கையை மறுத்தாலோ, 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

விதிகள் பாலிசிதாரர் பக்கமே உள்ளன. ஆனால், கடன் கணக்கை முடிக்கும் நாளில் இவ்வுரிமையை எடுத்துச் சொல்லும் கடமையை வங்கிகள் ஏற்காதவரை, திரும்பக் கிடைக்க வேண்டிய பணம் கேட்பாரற்றே கிடக்கும்.