பறக்கத் தெரிந்தால் போதாது. பரீட்சையும் எழுத வேண்டும்!

வெளிநாட்டில் வேலை தேடும் விமானிகள் படும் பாடு

பல ஆயிரம் மணி நேரம் விமானம் ஓட்டியவர். புயலையும் மின்னலையும் பார்த்தவர். அப்படிப்பட்டவரிடம், "பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து பரீட்சை எழுதுங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

வெளிநாட்டு விமானக் கம்பெனியில் வேலை தேடிப் போகும் விமானிகள் பலருக்கு இதுதான் கதி!

சிகாகோ ஒப்பந்தம்

1944-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதில் ஒரு விதி உண்டு. நாடு விட்டு நாடு பறக்கும் விமானம் எந்த நாட்டில் பதிவாகி இருக்கிறதோ, அந்த நாட்டு லைசென்சு விமானிக்கு வேண்டும். அல்லது, அவரிடம் இருக்கும் லைசென்சை அந்த நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏற்பதா, மறுபடி பரீட்சை வைப்பதா? அது அந்தந்த நாட்டின் விருப்பம்.

13 தாள்கள்!

அமெரிக்காவில் பெரிய பயணி விமானத்தின் கேப்டன் ஆவதற்கு உரிய உயர்ந்த லைசென்சுக்கு எழுத்துத் தேர்வு ஒன்றுதான். 125 கேள்விகள். நூற்றுக்கு 70 மார்க் எடுத்தால் பாஸ்.

அந்த லைசென்சை வைத்திருப்பவர், ஐரோப்பியக் கூட்டமைப்பின் லைசென்சு கேட்டால் என்ன ஆகும்? 13 தாள் எழுத வேண்டும். வானிலை, விமானச் சட்டம், வழி கண்டறிதல், எடைக் கணக்கு, விமானம் பறக்கும் தத்துவம், மனிதனின் உடலும் மனமும் என்று பாடங்கள் நீளும். ஒவ்வொன்றிலும் 75 மார்க் வேண்டும்.

18 மாதங்களுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். ஒரு தாளில் 4 தடவை தவறினால் போச்சு! பாஸ் செய்த தாள்களையும் சேர்த்து, 13-ஐயும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதுவரை வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

ராத்தலும் கிலோவும்

"அனுபவம் இருக்கிறதே, ஏட்டுப் படிப்பு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கனடாவில் நடந்ததைக் கேளுங்கள்.

1983-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி. ஏர் கனடா விமானம் ஒன்று 69 பேருடன் எட்மன்டன் நகருக்குப் பறந்தது. எரிபொருள் காட்டும் கருவி பழுது. எனவே கையால் அளந்து கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. ஆனால் கணக்கில் கிலோவுக்குப் பதில் ராத்தல் அளவு புகுந்துவிட்டது. ஒரு கிலோ என்பது சுமார் 2.2 ராத்தல். ஆகவே, வேண்டியதில் பாதிகூட விமானத்தில் இல்லை!

41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. இரண்டு என்ஜின்களும் நின்றன. கேப்டனுக்கு என்ஜின் இல்லாத மிதவை விமானம் ஓட்டிப் பழக்கம் உண்டு. எந்த வேகத்தில் இறங்கினால் அதிக தூரம் மிதக்கலாம் என்று கணித்தார். கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய ராணுவ ஓடுபாதையில் விமானத்தை இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை.

ஆபத்தைக் கொண்டு வந்தது ஒரு கணக்குப் பிழை. ஆபத்திலிருந்து மீட்டது கைத்திறமையோடு சேர்ந்த அறிவு. பரீட்சை வைப்பவர்கள் தேடுவது அந்த அறிவைத்தான்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

வெளிநாட்டில் விமானி ஆக ஆசைப்படுகிறவர்கள், தரகர் பேச்சை நம்பிப் பணம் கட்டக் கூடாது. எந்தப் பரீட்சை தேவை என்று அந்த நாட்டு விமானப் போக்குவரத்து இலாகாவிடமே எழுதிக் கேட்க வேண்டும். பறந்த நேரத்தைக் குறித்த புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பழைய பாடப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். தலை நரைத்த பிறகும் அவை தேவைப்படும்!