மூழ்காத மணிகள்

கைகழுவும் திரவத்தில் மிதக்கும் வண்ண மணிகள், புட்டி மாதக்கணக்கில் அலமாரியில் நின்றாலும் ஏன் அடியில் தங்குவதில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். திரவம் கெட்டியாக இருப்பதால்தான் என்று தோன்றும். அது போதாது. உப்பு சேர்த்துக் கெட்டியாக்கிய சாதாரண ஷாம்பூவில் அதே மணிகளைப் போட்டால், மெல்ல இறங்கி அடியில் சேர்ந்துவிடும். பாகுத்தன்மை வீழ்ச்சியைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

நிறுத்துவது வேறொரு குணம்: ஒரு வரம்புவரை தள்ளினாலும் அசையாமல் நின்று, வரம்பைத் தாண்டியதும் ஓடிவிடுவது. இதை வரவழைக்க இரண்டு வழிகள் உண்டு. சாந்தன் கோந்து போன்ற நீள் மூலக்கூறுகளால் திரவத்துக்குள் வலை பின்னலாம். அல்லது சோப்பு மூலக்கூறுகளையே அடுக்கடுக்கான நுண்ணுருண்டைகளாக்கி, இடைவெளியின்றி நெருக்கலாம். சுண்ணாம்புத் தூள் கலந்த, பாத்திரமும் அடுப்பும் தேய்க்கும் கிரீம்களில் இந்த நெருக்கம்தான் வேலை செய்கிறது.

காலை ஒன்பது மணி டவுன் பஸ்ஸை எண்ணிப் பாருங்கள். கம்பியைப் பிடிக்காதவர்கூட விழுவதில்லை. சுற்றியுள்ள தோள்கள் தாங்கிக்கொள்கின்றன. கண்டக்டர் இடித்து நுழைந்தால் வழி பிறக்கிறது. அவர் கடந்ததும் மூடிக்கொள்கிறது. புட்டியின் பம்பை அழுத்தும் விரல் அந்தக் கண்டக்டர். பள்ளமான சாலையில் வண்டி குலுங்கினால் நிற்பவர்கள் நகர்ந்துவிடுவார்கள். லாரியில் போகும் புட்டிக்கும் அதே ஆபத்து உண்டு. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்க முடியாமல் சிக்கிக்கொள்பவர் காற்றுக்குமிழி. மணியை விழவிடாத அதே பிடிதான் குமிழியை எழவிடாமலும் தடுக்கிறது. அதனால் ஆலையில் காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய கலனில் கலக்குகிறார்கள். மணிகள் உடையாதபடி கடைசியில் சேர்த்து மெதுவாகக் கிளறுகிறார்கள்.

தேவைப்படும் பிடி எவ்வளவு சிறியது என்பதுதான் அதிசயம். நீரைவிடப் பத்து சதவீதம் அடர்த்தி கூடிய, 1 மில்லிமீட்டர் மணியை நிறுத்த ஏறக்குறைய 0.05 பாஸ்கல் போதும். ஆகவே மணியைத் தாங்கும் திரவம் உள்ளங்கையில் தாராளமாக வழிகிறது. சுழல் எந்திரத்தில் வேகமாகச் சுற்றிச் சோதிப்பதும் இங்கே ஏமாற்றிவிடும்; மிகையான விசையில் பிடி உடைந்து, நல்ல கலவையும் தோற்றதாகத் தெரியும். வெதுவெதுப்பான அறையில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

வரலாறு சுருக்கமானது. திரவத்தில் விழும் உருண்டையின் வேகத்தை 1851இல் ஸ்டோக்ஸ் கணக்கிட்டார். வரம்பு கடந்தால் மட்டுமே ஓடும் பொருள்களுக்கு 1916இல் யூஜின் பிங்கம் விதி எழுதினார். சாந்தன் கோந்து, முட்டைக்கோஸைக் கருக வைக்கும் பாக்டீரியா தருவது. 1969இல் அமெரிக்காவில் உணவில் சேர்க்க அனுமதி பெற்றது.

விளம்பரங்கள் மணிகளுக்குத் தனிச் சக்தி இருப்பதாகச் சொல்லும். கையின் அழுக்கைப் போக்குவது சோப்பும் தேய்ப்பும் தண்ணீரும்தான். மணி எதனால் ஆனது என்பதைத்தான் கேட்க வேண்டும். கழுவி வடியும் அழகுப்பொருள்களில் பிளாஸ்டிக் நுண்மணிகளைத் தடை செய்து 2015இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. புட்டிக்குள் அசையாமல் நிற்கும் பிளாஸ்டிக், சாக்கடையில் கலந்தபின் ஆறு, கடல் என்று எங்கும் போகும். மணி மிதப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். லேபிளைப் படித்து வாங்குங்கள்.