கால்வாய்ப் படகுப் பாத்திரங்கள்: அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?



மண்பானையில் பெயின்ட் வரைந்து விற்கும் நம்ம குழு ஒன்றின் கூட்டத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். பதிவேடு எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கையோடு கொண்டுபோன ஒரு படப் புத்தகத்தைச் சகோதரிகளிடம் கொடுத்தேன். இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுகளைப் பற்றிய புத்தகம். அதில் ஒரு தண்ணீர்க் கேன் படம். உடம்பு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய் ரோஜாப் பூக்கள்.

“சீர்வரிசைக்கு வைக்கிற குடமாட்டம் இருக்கே மேடம்” என்றார் ஒரு அம்மா.

“இல்லைம்மா, தினமும் குடிதண்ணி பிடிச்ச கேன்.”

“இவ்வளவு அழகா வரைஞ்சதுலயா தண்ணி தூக்குனாங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

யார் அந்தக் குடும்பங்கள்?

இங்கிலாந்தில் 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டது. அதன் பிறகு நாடு முழுவதும் கால்வாய்கள் வெட்டினார்கள். நிலக்கரி, களிமண், தானியம் எல்லாம் படகில்தான் போயின. கரையில் குதிரை நடந்து கயிற்றால் படகை இழுக்கும். படகு 70 அடி நீளம், ஆனால் 7 அடி அகலம்தான். ‘நேரோபோட்’, அதாவது ஒடுக்கமான படகு என்றுதான் அதற்குப் பெயர்.

ரயில் வந்ததும் படகுக்குக் கூலி குறைந்தது. தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாத படகோட்டிகள் பலர் மனைவி, பிள்ளைகளையே படகில் ஏற்றிக்கொண்டார்கள். படகின் பின்பக்கம் சுமார் 10 அடி நீளத்தில் ஒரு சின்ன அறை. அதுதான் வீடு. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்தான்.

அந்தப் பெண்கள் படகைத் திருப்பினார்கள், மதகுக் கதவுகளைத் தள்ளித் திறந்தார்கள், சரக்கு ஏற்றினார்கள், இறக்கினார்கள். ஆனால் கூலி, படகோட்டியான கணவர் பெயரில்தான். ஏற்றிய டன்னுக்கு இவ்வளவு என்று அவர் கையில் கொடுப்பார்கள். மனைவிக்குத் தனிக் கூலி கிடையாது. ஓரிடத்தில் தங்காததால் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு எழுத்து தெரியாது. 1877-லும் 1884-லும் படகுக் குடும்பங்களுக்காகச் சட்டங்கள் வந்தன. ஆனாலும் நிலைமை மெதுவாகத்தான் மாறியது.

ஊர்க்காரர்கள் இவர்களை அழுக்கானவர்கள் என்று பேசினார்கள். அதற்குப் பதில் சொல்வதுபோல் அந்தப் பெண்கள் அறையைப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பித்தளையைத் துலக்கி மாட்டினார்கள், லேஸ் பின்னித் தொங்கவிட்டார்கள். தண்ணீர்க் கேனை எல்லார் கண்ணுக்கும் படுகிற மாதிரி அறையின் கூரைமேல் வைத்தார்கள். இப்ப புரியுதுங்களா, ஏன் அதில் ரோஜா என்று?

என்னென்ன பொருட்கள்?

1. தண்ணீர்க் கேன்: இதற்குப் ‘பக்பி கேன்’ என்று பெயர். பக்பி மதகுகள் இருக்கும் இடத்தில் ஒரு கடையில் விற்றதால் அந்தப் பெயர் வந்தது. மூடி, மூக்கு, மேலே ஒரு கைப்பிடி, பின்னால் ஒரு கைப்பிடி இருக்கும்.

2. கைக்கிண்ணம்: பக்கவாட்டில் கைப்பிடி வைத்த கிண்ணம். தண்ணீர் மொள்ள, பாத்திரம் கழுவ.

3. குதிரையின் தீவனத் தகரம், உட்காரும் முக்காலி, நிலக்கரிப் பெட்டி.

4. அலமாரிக் கதவு: கீழே இறக்கினால் இதுவே மேசை ஆகிவிடும். இதில் பெரும்பாலும் கோட்டைப் படம் இருக்கும். கோபுரம், பாலம், ஏரி, பாய்மரப் படகு, பின்னால் மலை.

5. மீஷம் டீபாட்: பழுப்பு நிறப் பளபளப்புப் பீங்கான். களிமண்ணில் செய்து ஒட்டிய பூக்கள் இருக்கும். சிலவற்றில் மூடியின் குமிழே ஒரு குட்டி டீபாட்! மீஷம் ஊரில், கால்வாய் அருகே விற்றார்கள். போகும்போது பெயர் சொல்லிவிட்டு, திரும்பி வரும்போது பெயர் பொறித்ததை வாங்கிக்கொள்வார்கள். இதில் இருப்பது தூரிகை ஓவியம் இல்லை. ஆனாலும் சேகரிப்பவர்கள் இதையும் சேர்த்தே தேடுகிறார்கள்.

‘ரோஜாவும் கோட்டையும்’ என்றே இந்த ஓவிய முறைக்குப் பெயர். 1858-ல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ பத்திரிகையிலேயே இதைப் பற்றிய குறிப்பு வந்துவிட்டது. வரைந்தவர்கள் பெரும்பாலும் படகுப் பட்டறைக்காரர்கள். பிரான்ஸ்டன் ஊரில் ஃபிராங்க் நர்சர், பேன்பரியில் ஹெர்பர்ட் டூலி, மிடில்போர்ட்டில் பில் ஹாட்ஜ்சன் ஆகியோர் பெயர் பெற்றவர்கள். இவர்கள் பொதுவாகக் கையெழுத்துப் போடவில்லை. இதழை இழுக்கிற விதத்தைப் பார்த்தே இது இன்னார் கை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நம்ம ஊரில் கோலத்தைப் பார்த்து யார் போட்டது என்று சொல்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

அசலை அடையாளம் காண

தூரிகைத் தடம்: முதலில் அடர்ந்த நிறத்தில் ஒரு வட்டம். அதன்மேல் வெளிர் நிறத்தில் ஒவ்வொரு இதழும் ஒரே இழுப்பு. திருத்தி எழுதுவது கிடையாது. விரல் வைத்தால் பெயின்ட் மேடு தட்டுப்படும். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு ஒட்டியது. கை ஓவியம் இல்லை.

தேய்மானம்: இதுதான் முக்கியம். அசல் கேனில் கை பிடித்த இடமும், கூரையில் உரசிய அடிப்பக்கமும் தேய்ந்திருக்கும். மற்ற இடம் ஓரளவு நன்றாகவே இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கீறலும் துருவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கலாம்.

அடுக்குகள்: படகைப் பட்டறைக்கு ஏற்றிப் புதுப்பிக்கும்போது கேனுக்கும் மறுபடி வரைவார்கள். அதனால் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் கீழே பழைய நிறம் தெரியும். வார்னிஷ் மஞ்சளாகி, வெள்ளை ரோஜா பாலாடை நிறத்தில் இருக்கும்.

உலோகம்: பழையவை தகரம் அல்லது ஜி.ஐ. தகடு. இணைப்பில் ஈயப்பற்றோ ரிவெட்டோ இருக்கும். பழைய கேனில் புது ஓவியம் வரைந்து விற்பதும் உண்டு. அதனால் கேனையும் ஓவியத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

வரலாறு: எந்தப் படகு, எந்தக் குடும்பம், புகைப்படம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

வாங்கியவர் கவனிக்க வேண்டியவை

கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேலே புதுசாக வரையக் கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே சுரண்டக் கூடாது, குடிதண்ணீர் ஊற்றக் கூடாது, குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. உலர்ந்த மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போதும்.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. ஏற்கெனவே நலிந்திருந்த சரக்குப் படகுத் தொழில் அதோடு பெரும்பாலும் முடிந்துபோனது. பிறகு உல்லாசப் படகுகள் வந்தன. சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதுக் கேன்களும் வரையப்பட்டன. புதுசு என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை. நல்ல கை ஓவியத்துக்கு நல்ல விலை கொடுக்கலாம். புதுசைப் பழசு என்று விற்பதுதான் ஏமாற்று. எல்ஸ்மியர் போர்ட், ஸ்டோக் புரூர்ன் ஊர்களின் கால்வாய் அருங்காட்சியகங்களில் அசல் பொருட்கள் இருக்கின்றன.

நமக்கு இதில் என்ன?

அன்றைய கூட்டத்தில் இன்னொரு விஷயமும் வந்தது. ஒரு வியாபாரி, “கொஞ்சம் புகை ஏத்தி, மூலையில உடைச்சு, பாட்டி காலத்துப் பானை மாதிரி குடுங்க, ரெண்டு மடங்கு தர்றேன்” என்று குழுவிடம் கேட்டிருக்கிறார். சிலருக்கு ஆசைதான். தவணை கட்டணுமே!

அப்போது அந்தக் கேன் படத்தை மறுபடி காட்டினேன். கைப்பிடியில் தேய்ந்த அந்த இடம், ஒரு பெண் வருஷக்கணக்காகத் தண்ணீர் தூக்கிய இடம். அவர் பெயர் எந்தக் கூலிச் சீட்டிலும் இல்லை. அவர் உழைத்ததற்குச் சாட்சி அந்தத் தேய்மானம்தான். அதை உப்புத்தாள் வைத்துப் போலியாகச் செய்தால், அவர் உழைப்பையும் சேர்த்துத் திருடின மாதிரி.

குழுவில் தீர்மானம் போட்டார்கள். பழசாக்கிக் கொடுக்க மாட்டோம். ஒவ்வொரு பானையின் அடியிலும் வரைந்தவர் பெயர், ஊர், வருடம் எழுதுவோம். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு இரண்டு வருடம்கூட ஆகாத அந்த அம்மாதான் முதலில் பிரஷை எடுத்தார்.

உங்கள் குழுவிலும் இந்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள்: நாம் செய்யும் பொருளில் நம் பெயர் இருக்கிறதா?