கழிவுநீர் லாரி போய்ச் சேரும் இடம்

தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த பின்னும், இரும்புலியூரைச் சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிகளில் பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகள் செப்டிக் டேங்கையே நம்பியிருக்கின்றன. அந்தத் தொட்டி கழிவை முழுமையாகச் சுத்திகரிப்பதில்லை. கனமானதை அடியில் தங்கவைத்து, மேலே தெளியும் நீரை வெளியேற்றுகிறது. அடியில் சேரும் கசடை உறிஞ்சும் லாரி அதை எங்கே கொட்டுகிறது என்பதில்தான் ஏரிகளின் கதி இருக்கிறது.

இதற்கான விடையொன்று தாம்பரம் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் உள்ளது. தமிழகத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் இங்கே தொடங்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர், அதாவது நான்கைந்து லாரி லோடு. மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்படுகையில் கசடை ஊற்றினால், நீர் அடியில் வடிந்து அடுத்தகட்டச் சுத்திகரிப்புக்குச் செல்ல, மேலே தங்குவது வெயிலில் காய்ந்து, வெடித்த ஏரிமண் போலப் பாளம்பாளமாகப் பெயர்கிறது. பெரிய இயந்திரங்களைவிட வெயிலை நம்பும் இந்த முறையே சிற்றூர்களுக்குப் பொருத்தமானது.

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். ஆனால் பாதுகாப்புக் கருவியின்றி அதற்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.