சிறுநீரகம் வீங்கினால் அடைப்பு எங்கே?

மாணவர்களே, புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கால்வாயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரிடத்தில் அடைத்துக்கொண்டால் அதற்கு மேலே தண்ணீர் தேங்கும். கீழே வற்றிக் கிடக்கும். தேக்கத்தைப் பார்த்தே அடைப்பு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். பச்சிளங் குழந்தையின் சிறுநீரகம் வீங்கியிருக்கும்போது மருத்துவர்களும் இப்படித்தான் துப்பறிகிறார்கள்.

வீக்கம் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் ஸ்கேன் இதைக் காட்டுகிறது. பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும். எஞ்சியவற்றில்தான் துப்பறியும் வேலை.

ஒரு சிறுநீரகம் மட்டும் வீங்கி, அதிலிருந்து இறங்கும் குழாய் சாதாரணமாக இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் அடைப்பு இருக்கலாம். குழாயும் விரிந்திருந்தால் சந்தேகம் கீழே போகிறது. இரண்டு சிறுநீரகங்களும் வீங்கி, சிறுநீர்ப்பையின் சுவரும் தடித்திருந்தால்? குழந்தை ஆணாகவும் இருந்தால், மருத்துவர்கள் உடனே நினைப்பது சிறுநீர் வெளியேறும் பாதையில் பிறவியிலேயே அமைந்த ஒரு மெல்லிய சவ்வு. இது அரிது, பல ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கே வரும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் 1919-இல் இதை வகைப்படுத்தினார்.

இந்தச் சவ்வு பொல்லாதது. கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் மதகைப் பார்த்திருப்பீர்கள். இது அதற்கு நேர்மாறு. வெளியிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தினால் தாராளமாக உள்ளே போகும். உள்ளிருந்து சிறுநீர் வந்தாலோ, பாய்மரம்போல் விரிந்து வழியை மறித்துவிடும். ஆகவே, குழாய் சுலபமாகப் போனதை வைத்து அடைப்பில்லை என்று முடிவு கட்ட முடியாது. சிறுநீர்ப்பையில் சாயத்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும் அந்த நேரத்திலேயே எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அப்போதுதான் சவ்வு அகப்படும்.

ஸ்கேன் எடுக்கும் நேரமும் முக்கியம். பிறந்த முதல் இரண்டு நாள்களில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரக்கும். வீக்கம் சிறிதாகத் தெரிந்து ஏமாற்றலாம். அதனால் பொதுவாக 48 மணி நேரம் பொறுத்தே எடுப்பார்கள். சவ்வு என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் காத்திருப்பதில்லை.

வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்திருக்கிறானா? சிறுநீர் பீய்ச்சி அடிக்காமல் சொட்டுச் சொட்டாக வடிந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள்; கிளினிக்கிற்குப் போகும்போது கர்ப்பகால ஸ்கேன் விவரங்கள் உள்ள பிங்க் புத்தகத்தையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். நுண்ணிய கருவியை உள்ளே செலுத்திச் சவ்வை வெட்டிவிடலாம். ஆனால் அதற்குள் கெட்டுப்போன சிறுநீரகத் திசு மீண்டும் வளராது. அதனால் இந்தப் பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை மருத்துவர்கள் கண்காணித்து வருகிறார்கள்.